கைமாறிய முகவரி

மாதப்பன் தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைத் தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அஞ்செட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தேன்கனிக்கோட்டையில் வண்டி மாறி, ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கும் சம்பங்கி மகளிர் விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தார். வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை.

"எம்பொண்ணக் கூப்புடும்மா. ஊருக்குக் கூட்டிட்டுப் போறன்."

"காவியா ஷிஃப்ட்ல இருக்காண்ணா. மதியந்தான் கம்பெனி பஸ்ஸு வரும். என்னா விசயம்னு சொல்லுங்க" என்றாள் விடுதியை நடத்தும் சுமலதா.

"போன எடுத்து நீயே பாரு. என் வாயால சொல்ல முடியாது."

சுமலதா போனைத் திருப்பினாள். மேலே அவளுடைய விடுதியின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதற்குக் கீழே பாதி உடுப்போடு ஒருத்தி கண்ணடித்துக்கொண்டிருந்தாள். 'அஞ்செட்டிக்கு அருகில் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று அரைகுறைத் தமிழில் ஒரு வரி. அதற்கும் கீழே சீட்டாட்ட விளம்பரம், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் சொல்லக் கூசுகிற ஒரு மருந்து. ஏதோ கோளாறு, திரும்பத் திறந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். சரியாகவில்லை. போன் இப்போது எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, 'ஓசூருக்கு அருகில் பெண்கள்' என்று அந்த வரி தன்னைத் தானே திருத்திக்கொண்டது.

அவள் போனை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

அது சாதாரணமாக யாரோ தேடிப் பார்க்கும் பக்கமாக இருந்திருந்தால்கூடத் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். அப்படியில்லை. அந்தப் பக்கத்தைப் பெற்றவர்கள் கையில் கொடுத்தவளே அவள்தான். செல்போன் பாகம் செய்யும் கம்பெனிகளில் வேலைக்கு வரும் பெண்கள்தான் விடுதியில் தங்குகிறார்கள். வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். வாரம் ஒரு ஷிஃப்ட். வந்து படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவார்கள். ஊரில் இருக்கும் அப்பன்மார் நேரங்காலம் இல்லாமல் சுமலதாவைக் கூப்பிட்டு, பொண்ணு வந்துட்டாளா என்று கேட்பார்கள். அதற்காக ஒரு ஏற்பாடு செய்தாள். வாசலில் இருக்கும் மெஷினில் பெண்கள் தங்கள் அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே வருவார்கள். ஒவ்வொருத்திக்கும் விடுதியின் வெப்சைட்டில் தனிப் பக்கம். வீட்டுக்கு ஒரு கார்டு. அதில் இருக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால், மகளின் போட்டோவோடு 'உள்ளே இருக்கிறார்' என்று வரும். பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய வரம் வேண்டியிருக்கவில்லை. மாதப்பன் அதை ஊர்க் கடையில் நாலு பேர் முன்னால் ஸ்கேன் செய்து காட்டுவாராம். எம்பொண்ணு எங்கே இருக்குதுன்னு இங்கிருந்தே தெரியுது பார் என்பாராம்.

"நேத்தும் அப்படித்தான் காட்டுனன்" என்றார் மாதப்பன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எம்மச்சான் இருந்தான். பசங்க இருந்தாங்க. எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தன் சிரிச்சான்மா."

"அண்ணா, இது நாங்க போட்டதில்ல. சத்தியமா இல்ல."

"நீ போடலைன்னா உன் பேருல எவன் போட்டான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் காவியாவின் பஸ் வரும் நேரத்தில் இந்த மனிதர் முன்னால் நிற்க முடியாது என்று சுமலதாவுக்குத் தெரிந்தது. காவியா பயிற்சி முடித்து நிரந்தரமாகப் போகிறவள். அடுத்த மாதம் ஆர்டர் கையில் கிடைக்கும். இன்றைக்கு ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள், ஏதாவது ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். "பஸ்ஸு வர்றதுக்குள்ள வந்துடறன். அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் கௌதம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு, பாகலூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஹோஸ்டிங் கம்பெனி தொடங்கினான். வெப்சைட்டுகளைத் தன் சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில். ரோஜாத் தோட்டக்காரர்கள், லாரி ஆபீஸ், கிரானைட் வியாபாரிகள், சின்னச் சின்ன லேத் பட்டறைகள் என்று பாதி ஓசூர் அவனிடம்தான் இருந்தது. இந்த ஊரில் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆள் பிடித்துப்போனால் காகிதம் கேட்கமாட்டார்கள். எல்லாத்தையும் உன் பேர்லயே வாங்கிக்கோ, எங்களுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவார்கள். வெப்சைட்டின் முகவரி அவன் பெயரில், அவனுடைய மெயிலில், அவனுடைய நம்பரில். பாஸ்வேர்டு என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். கூப்பிட்டால் எடுப்பான், சொன்னால் செய்வான், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவருவான். வேறென்ன வேண்டும்?

போன வருடம் இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது. கௌதமின் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைந்ததை மட்டற்ற மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறார்களாம். வாடிக்கையாளர்கள் தங்கள் குடும்பமாம். சேவையில் எந்த மாற்றமும் இருக்காதாம். சுமலதா அதை கௌதமுக்கு அனுப்பிக் கேட்டாள். 'ஒண்ணும் மாறாதுக்கா' என்று எழுதி, கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டான். அந்தக் கட்டைவிரலை நம்பிவிட்டு அவள் வேறு வேலை பார்க்கப் போனாள். அதற்கப்புறம் கட்டணம் ஏறியது. பிரச்சினை என்று கூப்பிட்டால் கௌதமின் குரலுக்குப் பதிலாக ஒரு மெஷின் பேசியது. ஒன்றை அழுத்தச் சொல்லும், மூன்றை அழுத்தச் சொல்லும், கடைசியில் தானாகவே கட்டாகும். ஆனாலும் கார்டை ஸ்கேன் செய்தால் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. முந்தாநாள்வரை.

இப்போது கௌதம் ஜெராக்ஸ் கடை மாடியில் இல்லை. பெங்களூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தான். கம்பெனியை விற்றவன், வாங்கியவனிடமே வேலைக்குச் சேர்ந்து கழுத்தில் ஐ.டி. கார்டுப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான். சுமலதாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"அய்யோ. லாப்ஸ் ஆயிட்டா?"

"அப்படின்னா என்னா?"

"நீங்க கட்டுதது சர்வருக்கு மட்டுந்தான்க்கா. முகவரிய வருஷா வருஷம் தனியாப் புதுப்பிக்கணும். புதுப்பிக்கலன்னா கையவிட்டுப் போயிரும். நோட்டீஸ் அனுப்பியிருப்பாங்களே."

"எனக்கு எந்த நோட்டீஸும் வரலயே."

கௌதம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். தட்டியவன் அப்படியே நிறுத்திவிட்டான். நோட்டீஸ் போயிருந்தது. ஒன்றல்ல, பலமுறை போயிருந்தது. எல்லாம் அவனுடைய பழைய கம்பெனி மெயிலுக்கு. அந்த மெயிலை, கம்பெனி கைமாறிய கையோடு, புதுக் கம்பெனிக்காரர்களே மூடிவிட்டிருந்தார்கள். தாங்களே பூட்டிச் சாவியைத் தூக்கிப்போட்ட வீட்டுக்குத் தாங்களே தபால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று கணக்கையும் முடித்துவிட்டார்கள்.

"சரி, இப்ப திரும்ப வாங்கு" என்றாள் சுமலதா.

"முடியாதுக்கா. கெடு தாண்டிட்டு. ஏலத்துல வேற எவனோ எடுத்துட்டான். எந்த நாட்டுக்காரன்னே தெரியாது."

"லேடீஸ் ஹாஸ்டல் பேர எடுத்து அவனுக்கு என்னா ஆவப்போவுது?"

கௌதம் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினான். "ஆளு வாரதுதான்க்கா மதிப்பு. நம்ம முகவரிய தினமும் அத்தன பேரு ஸ்கேன் பண்ணுதாங்க. தானா வந்து பாக்குத கூட்டம். அதுக்குத்தான் விலை. அதுவும் பேருல லேடீஸ் ஹாஸ்டல்னு இருக்குல்லா, அந்த மாதிரி விளம்பரத்துக்குக் கொஞ்சம் தோது..." என்று இழுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கூட்டம் யார் என்று சுமலதாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. மாதப்பன்தான் அந்தக் கூட்டம். மேட்டில் ஏறி நின்று டவர் பிடித்து, மகள் பத்திரமாக வந்துவிட்டாளா என்று பார்க்கும் அப்பன்மார். அவர்கள் கவலைக்குச் சந்தையில் ஒரு விலை இருந்திருக்கிறது. எவனோ ஒருத்தன் அந்தக் கவலையை எடைபோட்டு வாங்கி, அதன் வாசலில் பாதித் துணியோடு ஒருத்தியை நிறுத்தி வைத்திருக்கிறான். சீ என்று வாய்விட்டுச் சொன்னாள். இத்தனைக்கும் அந்த எவனோ மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. சாக்கடையில் கிடப்பது சாக்கடையில் கிடக்கட்டும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தவன் எதிரே உட்கார்ந்து 'தோது' என்று சொல்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தான் ஆச்சா கௌதம்?"

"கொஞ்சம் பேருக்குத்தான்க்கா. மைக்ரேஷன்ல, சர்வர் மாத்தும்போது, அப்படித்தான். ஒண்ணு ரெண்டு தப்பிப் போவும்."

அவனுடைய மேசையோரத்தில் அவன் மனைவி மோகனப்ரியாவின் டெய்லரிங் கடை விளம்பர அட்டை அடுக்கி வைத்திருந்தது. அதிலும் ஒரு கட்டம். சுமலதா ஒரு அட்டையை உருவி ஸ்கேன் செய்தாள். ஜாக்கெட் டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன. புதுப் பட்டுப்புடவைகளுக்குத் தள்ளுபடி என்று ஓடியது. ஒரு அழுக்கு இல்லை.

"இது மட்டும் எப்படி தப்பாம இருக்குது?"

கௌதம் கழுத்துப் பட்டையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா."

"அது... விக்கதுக்கு முன்னாலயே வேற எடத்துக்கு மாத்திட்டேன்க்கா. அவங்க எப்படிப் பாப்பாங்கன்னு தெரியாதுல்லா. ஒரு சேஃப்டிக்கு."

சுமலதா அட்டையை அடுக்கிலேயே திரும்ப வைத்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றும் மாறாதுக்கா என்று கட்டைவிரல் காட்டிய அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தன் வீட்டு ஜாக்கெட் டிசைனை நெருப்புக்கு முன்னால் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஊரான் வீட்டுப் பெண்களை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"நீ வா. வந்து அந்த அப்பாகிட்ட நீயே சொல்லு. தப்பு எங்கமேல இல்ல, உங்க கம்பெனி மேலன்னு ஒரு வார்த்த."

"நான் வந்து பேசக்கூடாதுக்கா. விக்கும்போது கையெழுத்துப் போட்டிருக்கேன். கம்பெனியப் பத்தி வெளிய வாயத் தொறந்தா கேஸ் போட்டுருவாங்க. நீங்க புதுப் பேரு ஒண்ணு சொல்லுங்க, இன்னிக்கே வாங்கித் தாரேன். முதல் வருஷம் ஃப்ரீயா போட்டுத்தாரேன்க்கா."

அவள் எழுந்து வந்துவிட்டாள். லிஃப்டில் இறங்கும்போது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எதைத் தொட்டோம் என்று துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விடுதிக்கு வந்தபோது கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. காவியா யூனிஃபார்ம்கூட மாற்றாமல் முன்னறையில் அப்பா எதிரே நின்றிருந்தாள். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது வீண். மாதப்பன் சொல்லிவிட்டிருந்தார்.

"நான் எங்கியும் வரல" என்று காவியா சொல்லிக்கொண்டிருந்தாள். "எவனோ எதையோ போட்டான்னு நான் வேலைய விடணுமா? ஊர்ல சிரிச்சவன் எனக்குச் சோறு போடுவானா?"

"உன்னத் தப்பா நெனச்சு வந்தன்னு சொன்னனா? ஊரு வாய நான் மூட முடியுமா?"

சுமலதா நடந்ததை எல்லாம் சொன்னாள். கம்பெனி கைமாறியது, நோட்டீஸ் மூடின மெயிலுக்குப் போனது, ஏலம், எல்லாம். ஜாக்கெட் டிசைனையும் விடவில்லை. தன் பேரில் வாங்கியிருக்க வேண்டும், வாங்காமல் விட்டது தன் முட்டாள்தனம் என்றும் சொன்னாள். மாதப்பனுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் விற்பதற்கு முன்னாலேயே தன்னுடையதை ஒளித்துக்கொண்டவனை அவருக்குப் புரிந்தது. மாடு கன்று விற்று வாங்கிய மனிதர். அந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறார்.

"அப்ப உன் மேல தப்பில்ல" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தார். "அந்த கார்டுங்கள முதல்ல திரும்ப வாங்கிடும்மா. ஊர்ல நான் சொல்லிக்கறன். இந்த மாசம் முடியட்டும். ஆர்டர் வந்ததுக்கு அப்புறம் பாக்கலாம்."

காவியாவின் தோள் இறங்கியது. சுமலதா தண்ணீர் கொண்டுவரப் போனாள். இந்தத் தடவை வாங்கிக் குடிப்பார் என்று தெரிந்தது.

அவள் டம்ளரோடு திரும்பி வருவதற்குள் காவியா எதையோ யோசித்துவிட்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பக்கத்துல முன்னாடி எங்க போட்டோல்லாம் இருந்துச்சே. போன் நம்பரு, ரூம் நம்பரு, ஆதார்கூட ஏத்துனீங்க. அதெல்லாம் இப்ப எங்க இருக்குது?"

சுமலதா டம்ளரை மேசைமேல் வைத்தாள். இதை அவள் கௌதமிடம் கேட்கவே இல்லை. முகவரி, முகவரி என்று அலைந்தவள், முகவரிக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றிக் கேட்காமலே வந்திருக்கிறாள். பத்திரமாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நம்புவார்கள். இரண்டு பேரும் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். ஒரு பொய்யில் பெண்ணின் வேலை பிழைத்துவிடும். ஆனால் ஒன்றும் மாறாதுக்கா என்று சொன்னவனும் இப்படித்தானே சொல்லியிருப்பான் என்று நினைத்ததும் வாயில் வந்ததை விழுங்கிவிட்டாள்.

"தெரியல காவியா. கேக்கறன். உங்க முன்னாடியே கேக்கறன்."

ஸ்பீக்கரில் போட்டாள். கௌதம் உடனே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா, பேரு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பொண்ணுங்க போட்டோ, நம்பர், ஆதார் எல்லாம் யார்கிட்ட இருக்குது கௌதம்?"

"அது சர்வரோட புதுக் கம்பெனிக்குப் போயிட்டுக்கா."

"அவங்க யாருக்காவது குடுத்தாங்களா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்களக் கேக்காம எப்படிக் குடுத்த?"

கௌதம் கொஞ்சம் சலித்துக்கொண்டான். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லாத, பச்சைப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "என்னக்கா இப்படிக் கேக்குதீங்க. அதையும் சேத்துதான் வித்தது. அது இல்லாம வெறும் சர்வர எவன் வாங்குவான்?"

மாதப்பன் எழுந்துவிட்டார். காவியாவை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவளே மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பையோடு இறங்கி வந்தாள். எவ்வளவு சீக்கிரம் ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தை ஒரு பைக்குள் திணித்துவிட முடிகிறது என்று சுமலதாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. பேசியவன் போனிலேயே இருந்தான், 'அக்கா, லைன்ல இருக்கீங்களா' என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அணைத்தாள்.

"வேலைய விட்டுடாதடி. லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. நான் அந்தக் கம்பெனிமேல கம்ப்ளைண்ட் குடுக்கறன்."

"குடுங்கக்கா" என்றாள் காவியா. "போனது திரும்பி வருமா?"

மூன்று பேரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். சுமலதா பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். தேன்கனிக்கோட்டை பஸ் ஏற்கெனவே ஷிஃப்ட் முடிந்த ஆட்களால் நிரம்பியிருந்தது. மாதப்பன் முதலில் ஏறி இடம் இருக்கிறதா என்று பார்த்தார். காவியா படியில் கால் வைத்தவள் நின்றாள். துப்பட்டாவை எடுத்துத் தலையைச் சுற்றி, மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து லீவுக்கு ஊருக்குப் போகும்போது, ஆண்கள் நெருக்கும் இந்த பஸ்ஸில் இரண்டு வருடமாக நிமிர்ந்து போய்வந்த பெண் அவள். ஒரு நாளும் முகத்தை மூடியதில்லை.

பஸ்ஸில் ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போன்களில் எதில் தன் முகம் இருக்குமோ என்றுதான் அவள் மூடியிருந்தாள்.